பாரிஸ் ரகசியப் பேச்சு: அக்டோபரில் முடிந்த ஒப்பந்தம் ஜனவரி வரை ஏன் இழுத்தது?

தாழை கேட்டது:

வியட்நாம் போரின் கடைசிக் கட்டம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் வடக்கு வியட்நாமின் லெ டுக் தோவும் 1972 அக்டோபரிலேயே வரைவை முடித்துவிட்டார்கள். கையெழுத்தானதோ 1973 ஜனவரி 27. நடுவில் வடக்கின் மீது அமெரிக்காவின் டிசம்பர் குண்டுவீச்சு. பாரிஸில் அதிகாரபூர்வ மாநாடு ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது தனியாக ரகசியப் பேச்சு எதற்கு? மாஸ்கோவும் பெய்ஜிங்கும் ஹனோயை (வடக்கு வியட்நாம் அரசை) நெருக்கியதால்தான் உடன்பாடு வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியா? அக்டோபர் வரைவுக்கும் ஜனவரி ஒப்பந்தத்துக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

கோப்புப்புழு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பாரிஸின் க்ளேபர் அவென்யூவில் நடந்த அதிகாரபூர்வ மாநாட்டில் நாலு தரப்பு: அமெரிக்கா, சைகோன் (தெற்கு வியட்நாம் அரசு), ஹனோய், சைகோனை எதிர்த்த தெற்கின் கம்யூனிஸ்ட் புரட்சித் தரப்பு. அங்கே மேசையின் வடிவத்தை முடிவு செய்யவே 1969 ஜனவரி நடுப்பகுதி ஆகிவிட்டது. தெற்கின் புரட்சித் தரப்பைத் தனித் தரப்பாக ஏற்க சைகோனுக்கு மனமில்லை. கடைசியில் ஒரு வட்ட மேசை, 45 சென்டிமீட்டர் தள்ளி எழுத்தர்களுக்கு இரண்டு சிறு மேசைகள், கொடி இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் அறிக்கை வாசிக்கலாம், பேரம் பேச முடியாது.

ரகசியத் தடம் 1969 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸின் ரிவோலி தெருவில் பிரெஞ்சு ராஜதந்திரி ழான் சான்தெனியின் வீட்டில் தொடங்கியது. அன்று கிஸ்ஸிங்கரின் எதிரில் இருந்தவர் ஹனோய் குழுவின் தலைவர் சுவான் துய். லெ டுக் தோ வந்தது 1970 பிப்ரவரி 21, இடம் ஷுவாஸி-லெ-ருவா புறநகரில் ஒரு சாதாரண வீடு. கிஸ்ஸிங்கரின் பயண ஏற்பாடு முழுக்க பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ராணுவ அதிகாரி வெர்னன் வால்டர்ஸ் கையில். வார இறுதியில் வாஷிங்டனிலிருந்து கிளம்பி, நடு பிரான்ஸில் ஆவோர் விமானத் தளத்தில் இறங்கி, பிரெஞ்சு அதிபர் பாம்பிடுவின் சிறு விமானத்தில் வில்லாகூப்ளே வந்து, இரவு வால்டர்ஸ் வீட்டில் தங்கல். வீட்டு வேலைக்காரருக்கு கிஸ்ஸிங்கரின் பெயர் ‘ஜெனரல் கிர்ஷ்மன்’! திங்கள் காலை மறுபடி வெள்ளை மாளிகை மேசை.

பிரெஞ்சு அரசின் தயவில்லாமல் இது ஒருநாளும் நடந்திருக்காது. யாரிடமிருந்து இந்த மறைப்பு என்பதுதான் சுவாரசியம். ஹனோய்க்கு எல்லாம் தெரியும், பிரெஞ்சுக்காரருக்கும் தெரியும். தெரியாதவர்கள் அமெரிக்க வெளியுறவுத் துறை, காங்கிரஸ், பத்திரிகைகள். 1972 ஜனவரி 25 தொலைக்காட்சி உரையில் நிக்சனே உடைத்துச் சொல்லும்வரை அப்படித்தான்.

செவ்வகம்72:

தெரியாதவர்கள் பட்டியலில் சைகோனையும் சேர்த்திருக்கலாம், ஆனால் பாதிதான். சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதர் பங்கர் மூலம் தெற்கு வியட்நாம் அதிபர் தியூவுக்குச் சுருக்கம் போய்க்கொண்டிருந்தது. போகாதது ஒப்பந்த வரைவின் வாசகங்கள். சிக்கல் அங்கேதான் முளைத்தது.

வல்லரசு நெருக்கடி பற்றி: நெருக்கினார்கள் என்பது கிஸ்ஸிங்கரின் கணக்கு. காலவரிசையைப் பாருங்கள். 1971 ஜூலை 9 முதல் 11 வரை அவர் ரகசியமாகப் பெய்ஜிங்கில். திரும்பும் வழியில் 12ஆம் தேதி பாரிஸில் லெ டுக் தோ எதிரில் அமர்ந்தார். அதே வாரம் சீனப் பிரதமர் சூ என்லாய் ஹனோய்க்கே நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு சீன ஆயுத உதவி கூடியதே தவிரக் குறையவில்லை.

மாஸ்கோ கதையும் அதேதான். 1972 மார்ச் 30 அன்று வடக்கின் பெருந்தாக்குதல். ஏப்ரல் 20 அன்று கிஸ்ஸிங்கர் மாஸ்கோவுக்கு ரகசியப் பயணம். அங்கே இருந்த அமெரிக்கத் தூதருக்கே தகவல் இல்லை. சோவியத் தலைவர் பிரெஷ்னேவிடம் கிஸ்ஸிங்கர் வைத்த யோசனையில், தாக்குதலுக்காகப் புதிதாக வந்த படைகள் மட்டும் திரும்பினால் போதும் என்று இருந்தது. முன்பே தெற்கில் இருந்த வடக்குப் படைகள் பற்றிப் பேச்சில்லை. இது சோவியத் தரப்பு கொடுத்த நெருக்கடி அல்ல, அமெரிக்கா கொடுத்த விட்டுக்கொடுப்பு. மே 1 தெற்கின் குவாங் ட்ரி நகரம் வடக்கிடம் விழுந்தது, மறுநாள் பாரிஸ் கூட்டத்தில் லெ டுக் தோ ஓர் அங்குலம் நகரவில்லை.

மே 8 அன்று வடக்கின் ஹாய்ஃபாங் துறைமுகத்துக்குக் கண்ணிவெடி போட உத்தரவு வந்தது. அப்படியும் மே 22 அன்று மாஸ்கோ உச்சி மாநாடு நடந்தது. ஹனோய்க்கு உறைத்தது இதுதான் என்பது என் எண்ணம். யாரும் வந்து மிரட்டவில்லை. குண்டு விழும்போதும் தோழர்கள் விருந்து வைத்தார்கள், அவ்வளவுதான். கூடவே போர்க்களத்தில் தாக்குதல் நின்றுபோனதும், நவம்பர் தேர்தலில் நிக்சன் ஜெயிப்பது உறுதி என்று தெரிந்ததும் சேர்ந்துகொண்டன. தேர்தலுக்கு முன் பேரம் படியும் என்று ஹனோய் கணக்குப் போட்டது.

மூன்றாவது நகல்:

வாசகங்களுக்கு வருவோம். அக்டோபர் 8 அன்று லெ டுக் தோ வைத்த வரைவின் சாரம்: தியூ பதவி விலக வேண்டும், கூட்டணி அரசு வேண்டும் என்ற பழைய நிபந்தனை போயிற்று. பதிலாகத் தேசிய சமரச சபை, அதில் முடிவுகள் ஒருமனதாக. இருக்கும் இடத்திலேயே போர்நிறுத்தம். 60 நாளில் அமெரிக்கப் படை வெளியேற்றம், அதே 60 நாளில் கைதிகள் விடுதலை. வடக்குப் படைகள் தெற்கிலிருந்து போக வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. சுமார் 1,50,000 பேர் இருந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு.

நாலே நாளில் பெரும்பகுதி முடிந்தது. அக்டோபர் 31 பாரிஸில் கையெழுத்து என்று திட்டம். கிஸ்ஸிங்கர் 18ஆம் தேதி சைகோன் போய்ச் சேர்ந்து தியூவிடம் கொடுத்தது ஆங்கிலப் பிரதி மட்டும். வியட்நாமியப் பிரதியைக் கேட்டு வாங்கினார்கள். ஆங்கிலத்தில் சமரச சபைக்கு ‘நிர்வாக அமைப்பு’ என்று இருந்தது. வியட்நாமியத்தில் இருந்த சொல் ‘ஆட்சியமைப்பு’ என்றே படும். சைகோனின் கண்ணில் அது பின்வாசல் கூட்டணி அரசு. போதாததற்கு, எதிரிகளிடம் கைப்பற்றிய ஆவணங்களிலிருந்து தியூவுக்கு வரைவின் சாரம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. தன் நாட்டின் தலைவிதியை எதிரியின் காகிதத்தில் படித்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

அக்டோபர் 26 அன்று ஹனோய் வானொலி முழு விவரத்தையும் வெளியிட்டது. நவம்பர் 20 அன்று கிஸ்ஸிங்கர் சைகோன் கேட்ட 69 திருத்தங்களைக் கொண்டுபோய் வைத்தார். ஒப்புக்கொண்டதைத் திறந்தால் எதிர்த்தரப்பும் திறக்கும். கைதிகள் விடுதலையில் ஹனோய் புது நிபந்தனை போட்டது. டிசம்பர் 13 பேச்சு முறிவு, 18 முதல் 29 வரை குண்டுவீச்சு, அமெரிக்காவுக்கு 15 பி-52 குண்டுவீச்சு விமானங்கள் இழப்பு.

ஜனவரி பிரதியில் அந்த ‘அமைப்பு’ என்ற சொல் இல்லை. இரு பகுதிக்கும் நடுவில் உள்ள ராணுவமற்ற மண்டலத்துக்குச் சற்றுத் தெளிவான வாசகம். மற்றபடி எலும்புக்கூடு அதேதான். வடக்குப் படைகளும் அங்கேயேதான்.

தாழை:

நன்றி. தியூ கடைசியில் எப்படி ஒப்புக்கொண்டார்? தெற்கின் புரட்சித் தரப்பு அமைத்த புரட்சி அரசை அங்கீகரிக்காமல் ஒரே தாளில் கையெழுத்து எப்படி?

மூன்றாவது நகல்:

ஒரு பக்கம், அமெரிக்க உதவி நின்றுபோகும் என்ற மிரட்டல். இன்னொரு பக்கம், ஒப்பந்தம் மீறப்பட்டால் முழு பலத்தோடு பதிலடி தருவோம் என்று நிக்சன் 1972 நவம்பர் 14, 1973 ஜனவரி 5 தேதிகளில் எழுதிய கடிதங்கள். இவை காங்கிரஸுக்குக் காட்டப்படவில்லை. 1973 ஆகஸ்ட் 15க்குப் பிறகு இந்தோசீனாவில் குண்டுவீச்சுக்குப் பணம் இல்லை என்று காங்கிரஸ் சட்டம் போட்டதும் கடிதங்கள் வெறும் தாள்.

கையெழுத்துச் சிக்கலுக்கு இரண்டு ஆவணம். காலையில் நாலு தரப்புக்கானது: முகவுரையில் ‘மாநாட்டில் பங்கேற்கும் தரப்புகள்’ என்று மட்டும், புரட்சி அரசின் பெயரே இல்லை. அமெரிக்காவும் சைகோனும் ஒரு பக்கத்தில், ஹனோயும் புரட்சி அரசின் சார்பில் நுயென் தி பின் அம்மையாரும் வேறொரு பக்கத்தில். மாலையில் அமெரிக்காவும் ஹனோயும் மட்டும் போட்ட பிரதியில் எல்லாப் பெயரும் வரும். மேசைக்குச் செய்த அதே வித்தை.

செவ்வகம்72:

போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஒப்பந்தம் அமைத்த ஆணையத்தையும் சேர்த்துப் படியுங்கள். கனடா, ஹங்கேரி, இந்தோனேசியா, போலந்து; அறிக்கைக்கு ஒருமனது தேவை. ஆளுக்கொரு வீட்டோ என்று அர்த்தம். மீறல் நடந்த இடத்துக்குப் போவதற்கே சண்டை. 1954 ஜெனீவா ஒப்பந்தத்தின் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தலைமை வகித்த இந்தியாவுக்கு இதில் இடமே இல்லை. கனடா 1973 ஜூலை இறுதியில் வெளியேறியது, ஈரான் வந்து உட்கார்ந்தது.