அக்கா மகளைத் தத்தெடுத்து கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும்: வயது 15 தாண்டிவிட்டது, அப்பா கடலில் காணாமல் போனவர்

கேள்வி: மண்டபம்வாசி

வணக்கம். விவரத்தை அப்படியே தருகிறேன்.

அக்கா மகளுக்கு 15 வயது 4 மாதம், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அக்கா 2020-ல் நோயில் இறந்தார், இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மச்சான் 2022 அக்டோபரில் விசைப்படகில் தொழிலுக்குப் போன இடத்தில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை, அதனால் சான்றிதழும் இல்லை. பிள்ளை முதலில் அப்பத்தாவிடம் இருந்தது, ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறது. எனக்கு 38, மனைவிக்கு 35, பையனுக்கு 9 வயது. நாங்கள் இந்துக்கள்.

கனடாவின் திறமையாளர் குடியேற்ற முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சுயவிவரம் போட்டாயிற்று, விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு இன்னும் வரவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார் பத்திர எழுத்தர். கார்டியன்ஷிப் வாங்கினாலே போதும் என்கிறார் ஒரு வக்கீல். எதைச் செய்வது?

பதில் 1: சேதுக்கரை

பத்திரத்தைப் பதியாதீர்கள், முதலில் அதை நிறுத்துங்கள்.

பத்திரம் என்பது 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் வழி. அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி 15 வயது முடிந்த பிள்ளையைத் தத்து எடுக்க முடியாது. அதற்கு மேலும் எடுக்கும் வழக்கம் உங்கள் சமூகத்தில் இருந்தால் மட்டும் விலக்கு. அந்த வழக்கத்தை ஆதாரத்தோடு நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. ‘எங்க பக்கம் எடுப்பாங்க’ என்ற ஒரு வரி பத்திரத்தில் இருப்பது ஆதாரம் ஆகாது.

இரண்டாவது சிக்கல், பிள்ளையைத் தத்துக் கொடுப்பது யார் என்பது. பெற்றோர் இல்லாதபோது காப்பாளர் கொடுக்கலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். உங்கள் மச்சான் சட்டத்தின் கண்ணில் இன்னும் உயிரோடு இருப்பவர். அப்பத்தா கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்பில்லை. பத்திரத்தைப் பதிந்து கொடுத்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் செல்லாத தத்தைப் பதிவதால் அது செல்லுபடியாகிவிடாது. ஒரு வருடம் கழித்து கனடா அதிகாரி பிறந்த தேதியையும் பத்திரத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இது வெளியே வரும்.

கார்டியன்ஷிப் 1890-ஆம் வருடச் சட்டத்தில் வருவது. அதில் நீங்கள் காப்பாளர் மட்டுமே, பிள்ளை உங்கள் பிள்ளை ஆவதில்லை. பள்ளிக்கும் வங்கிக்கும் உதவும், கனடாவுக்கு உதவாது.

உங்களுக்கு உள்ள வழி 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம். அதன் 56(2) பிரிவில் எந்த மதத்தவரும் உறவினர் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். வயது வரம்பு 18. உறவினர் என்றால் யார் என்பதைச் சட்டமே குறுக்கி வைத்திருக்கிறது: பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், இருபக்கத் தாத்தா பாட்டிகள். தாய்மாமன் அதில் வருகிறார். பிள்ளையின் சொந்த அண்ணனோ, ஒன்றுவிட்ட அக்காவோ வர மாட்டார்கள். கீழக்கரை, தொண்டி, தங்கச்சிமடம் பக்கத்து முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே வழிதான், 1956-ஆம் வருடச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது.

செய்யும் முறை: தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் நீங்களும் மனைவியும் சேர்ந்து பதிய வேண்டும். மனைவியின் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது. பிள்ளைக்கு 5 வயதுக்கு மேல் என்பதால் அவள் சம்மதமும் எழுத்தில் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு சரிபார்க்கும். உத்தரவு போடுவது கலெக்டர். 2022 செப்டம்பர் 1 முதல் அந்த அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து அவருக்கு வந்துவிட்டது. மனு தாக்கலான நாளிலிருந்து 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தாக்கலுக்கு முந்தைய காகித வேலைக்கு அந்தக் கெடு கிடையாது, நாள் போவது அங்கேதான்.

உங்களுக்கும் பிள்ளைக்கும் எத்தனை வயது வித்தியாசம் என்ற நிபந்தனை உறவினர் தத்தில் பார்க்கப்படுவதில்லை. வெளிநாடு போகும் எண்ணத்தை மட்டும் விசாரணையில் மறைக்காதீர்கள்.

பதில் 2: டோக்கன் எண்

மச்சான் விஷயத்தை நான் சொல்கிறேன். இந்தக் கோப்பு நின்றுபோகிற இடம் அதுதான்.

கடலில் காணாமல் போய் உடல் கிடைக்காதவர் இறந்துவிட்டார் என்று அனுமானிக்க, தகவல் இல்லாத 7 வருடம் ஆக வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து எண்ணினால் 2029 அக்டோபர். அதற்குள் பிள்ளைக்கு 18 தாண்டிவிடும். எனவே இறப்புச் சான்றிதழுக்காகக் காத்திருந்தால் தத்து கை நழுவிவிடும்.

‘நியாயமான விசாரணைக்குப் பிறகும் பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாத பிள்ளை’ என்ற வகை இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. பிள்ளையை நடைமுறையில் யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவரைக் காப்பாளராக ஏற்கும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு உண்டு. அப்பத்தாவைக் காப்பாளராக ஏற்று, உறவினருக்குத் தத்துக் கொடுக்க அவருக்கு அனுமதி தரும்படி மனு கொடுங்கள்.

குழு கேட்கப்போவது, தேடியதற்கு என்ன அத்தாட்சி என்று. கையில் வைத்திருக்க வேண்டியவை:

காணவில்லை என்று பதிந்த எஃப்.ஐ.ஆர். நகல். கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில் கொடுத்ததா, ஊர்க் காவல் நிலையத்தில் கொடுத்ததா என்று பாருங்கள். இரண்டிலும் கொடுத்திருந்தால் இரண்டு நகலும் வேண்டும். இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதே நிலையத்திலிருந்து புதிய தேதியில் ஒரு அறிக்கை.

அன்றைக்கு அந்தப் படகு கடலுக்குப் போக மீன்துறை கொடுத்த டோக்கன் (அனுமதிச் சீட்டு) பதிவு. விசைப்படகு என்பதால் இது கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, உதவி இயக்குநர் அலுவலகத்தில் படகின் பதிவு எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நாட்டுப்படகு, வத்தையில் போனவர்களின் குடும்பம் இதைப் படித்தால், உங்களுக்கு டோக்கன் இருக்காது. கூடப் போனவர்களின் வாக்குமூலமும் மீனவர் சங்கத்தின் கடிதமும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும்.

நிறைய கோப்பு திரும்பி வருவது பெயரால். எஃப்.ஐ.ஆரில் வீட்டில் கூப்பிடும் பெயர், மீனவர் அடையாள அட்டையில் வேறு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று வட்டாட்சியரிடம் சான்று வாங்கி முதலிலேயே வைத்துவிடுங்கள்.

அப்பத்தாவிடம் ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தத்துக்கு முன்பே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து தத்துக்குப் பிறகும் அவளுடையதுதான், சட்டத்தின் 63-வது பிரிவிலேயே இருக்கிறது. ‘பேத்திக்கு மகன் வீட்டில் பங்கு போய்விடும்’ என்ற பயத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்கிறவர்கள் உண்டு, அது நியாயமான பயம்தான்.

மண்டபம்வாசி

இரண்டு பேருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். உத்தரவு வருவதற்குள் அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? நாங்கள் முதலில் போய்விட்டு, பிறகு அநாதை உறவினர் என்று ஸ்பான்சர் செய்ய முடியாதா? பிள்ளை என்னை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறது, நேர்காணலில் அது பிரச்சினை ஆகுமா?

பதில் 3: நங்கூரம்

கனடா பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அவர்கள் குடியேற்ற விதி 3(2), தத்து என்றால் புதிய பெற்றோர் பிள்ளை உறவை உருவாக்குவதோடு பழைய உறவைத் துண்டிக்கவும் வேண்டும் என்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 63-வது பிரிவும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் இருக்கிறது: உத்தரவு நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு உள்ள பிணைப்பு அறுந்து புதியது அதன் இடத்துக்கு வரும். கலெக்டர் உத்தரவோடு அந்தப் பிரிவையும் சேர்த்து, விளக்கக் கடிதத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். கார்டியன்ஷிப் ஏன் போதாது என்பதற்கும் இதுதான் காரணம், அது எதையும் துண்டிப்பதில்லை.

அடுத்தது விதி 4(2). குடியேற்றத் தகுதி பெறுவதை முதன்மை நோக்கமாக வைத்து எடுத்த தத்தும், உண்மையான பெற்றோர் பிள்ளை உறவை உருவாக்காத தத்தும் கணக்கில் வராது. உங்கள் சுயவிவரம் உத்தரவுக்கு முந்தியது என்பதால் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அதைத் தீர்ப்பது தேதிகள்: அக்கா இறந்தது 2020, மச்சான் காணாமல் போனது 2022, பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றரை வருடம் முன்பு. பள்ளி மாறிய டி.சி., முகவரி மாற்றிய ஆதார், குடும்ப அட்டையில் பெயர் சேர்த்த தேதி, பள்ளிக் கட்டண ரசீதில் உங்கள் கையெழுத்து எல்லாம் கனடா என்ற பேச்சுக்கு முந்தையதாக இருந்தால் அவையே பேசும். புகைப்படம் 10 போதும், 200 அனுப்பாதீர்கள்.

அழைப்பு வந்தால் முழு விண்ணப்பம் போட 60 நாள். உத்தரவு அதற்குள் வராது என்று தெரிந்தால் அழைப்பை மறுத்துவிடலாம், சுயவிவரம் மறுபடி அழைப்புக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலுக்குள் போகும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பெண் விளிம்பில் இருப்பவர்களுக்கு இது கடினமான முடிவு, ஆனால் என் கணிப்பில் உங்களுக்கு அதுவே பாதுகாப்பு. விண்ணப்பம் போட்ட பிறகு உத்தரவு வந்தால், கனடாவில் கால் வைப்பதற்கு முன் கட்டாயம் தெரிவித்துச் சேர்க்க வேண்டும். தெரிவிக்காமல் இறங்கிவிட்டால், குடியேற்ற அதிகாரி பரிசோதிக்காத குடும்ப உறுப்பினர் என்று விதி 117(9)(d) அவளைப் பின்னாளில் ஸ்பான்சர் செய்யும் வழியை அடைத்துவிடும். ‘முதலில் நாம் போவோம், அப்புறம் பார்ப்போம்’ என்று நினைப்பவர்கள் மாட்டுவது இதில்தான்.

அநாதை உறவினர் வழி உங்களுக்குத் திறக்காது. அதில் அக்கா மகள் வருகிறாள்தான், 18-க்குள், திருமணமாகாதவள் என்ற நிபந்தனையும் சரி. ஆனால் பெற்றோர் இருவரும் இறந்திருக்க வேண்டும். பெற்றோர் எங்கே என்று தெரியவில்லை என்ற நிலை இதற்குப் பொருந்தாது என்று அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மச்சான் கதை அந்த இடத்தில்தான் நிற்கிறது.

வயதைப் பொறுத்தவரை கனடாவில் அவசரம் இல்லை. 22 வயதுக்குள், திருமணமாகாதவர் என்றால் சார்ந்த பிள்ளை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் முழு விண்ணப்பம் சேர்ந்த நாளில் இருக்கும் வயதுதான் கடைசிவரை கணக்கு. அவசரம் முழுவதும் இந்தியப் பக்கத்தில், 18-க்குள் தத்து முடிவதில் இருக்கிறது. (அமெரிக்காவை மனதில் வைத்துப் படிப்பவர்களுக்கு: அங்கே கணக்கு வேறு, பொதுவாக 16-க்குள் தத்து, 2 வருடச் சட்டக் காவல், 2 வருடம் சேர்ந்து வசித்தது எல்லாம் கேட்பார்கள்.)

உத்தரவு வந்ததும் சுயவிவரத்தில் குடும்ப எண்ணிக்கையை 4 என்று மாற்றுங்கள், காட்ட வேண்டிய இருப்புத் தொகையும் அதற்கேற்ப ஏறும். 14 வயது தாண்டியதால் அவளுக்குக் கைரேகைப் பதிவு உண்டு, பையனுக்கு இல்லை. ஒருவருக்கு 85 கனடா டாலர், குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் உச்சம் 170. மருத்துவப் பரிசோதனை நால்வருக்கும். போலீஸ் சான்று 18 முடிந்தவர்களுக்கு மட்டும்.

‘மாமா’ பற்றி: ‘அப்பா’ என்று சொல்லப் பழக்காதீர்கள். 15 வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்ததைச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். தாயின் தம்பியைத் தமிழில் மாமா என்போம், பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள், பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை என்று கடிதத்தில் எழுதுங்கள்.

பதில் 4: சேதுக்கரை

அதோடு ஒன்று. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் நம் பக்கம் இருந்தது, வீட்டுக்கு விசாரணைக்கு வருபவருக்கும் அது தெரியும். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார், உங்கள் மனைவியிடமும் தனியாகக் கேட்பார். கோபப்படாதீர்கள், அந்தக் கேள்வி அவளுடைய பாதுகாப்புக்காகத்தான். அவள் ‘வேண்டாம், அப்பத்தாவோடு இருக்கிறேன்’ என்று சொன்னாலும் அதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக இருங்கள், அவள் சம்மதம் சம்பிரதாயம் இல்லை.

பெயர் விஷயத்தில் வரிசை முக்கியம். உத்தரவு கைக்கு வராமல் இனிஷியலை எங்கும் மாற்றாதீர்கள். வந்ததும் முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், பிறகு பள்ளிப் பதிவு, கடைசியாக மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். பழைய பிறப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள், கனடாவுக்கு இரண்டும் தேவைப்படும். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் பள்ளியிலிருந்து போவதற்குள் உத்தரவு வராவிட்டால் பழைய இனிஷியலிலேயே தேர்வு எழுதட்டும், மதிப்பெண் சான்றிதழை உத்தரவைக் காட்டி பிறகு திருத்திக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முழுப் பெயராகப் போடுங்கள், உங்கள் பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துக்கூட்டலோ அதே எழுத்துக்கூட்டலில்.