சொந்தப் பாடல்களோடு வேறு வேலைகளும் செய்வது கவனச் சிதறலா?

கேள்வி – வெள்ளவத்தைவாசி

வணக்கம். பகலில் கணக்காய்வு அலுவலகமொன்றில் பணிபுரிந்துகொண்டு, இரவில் தமிழில் ரொக் பாடல்கள் எழுதி வருகிறேன். இதுவரை ஒன்பது பாடல்கள் முடிந்துள்ளன; இன்னும் மேடையேறவில்லை. கைச்செலவுக்காகக் கிற்றார் வகுப்பு எடுக்கிறேன், விளம்பரங்களுக்கு மெட்டமைக்கிறேன், நண்பர்களின் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். "ஒன்றையாவது உருப்படியாகச் செய்" என்று அம்மா வருந்துகிறார். பெரிய இசை நிறுவனங்களை நாடாமலே நிலைத்துநின்ற அமெரிக்கப் பாடகி ஆனி டிபிராங்கோவும் பல பணிகள் செய்தவர் என்று அறிந்தேன். அவை எவ்வாறு ஒரே வாழ்வாக இணைந்தன?

பதில் 1 – பழைய ஒலிநாடா, கொட்டாஞ்சேனை

தம்பி, அவர் பஃபலோ நகரில் 1970இல் பிறந்தவர். இருபது வயதளவில், தம் பாடல்களைத் தாமே வெளியிடுவதற்காக ரைச்சஸ் பேப் ரெக்கோர்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று பாடி, அங்கேயே ஒலிநாடாக்களை விற்றார். பெரிய நிறுவனங்கள் அழைத்தபோதும் போகவில்லை. 1996இல் நாட்டார் பாடகர் யூட்டா பிலிப்ஸ் மேடைகளில் சொன்ன கதைகளின் ஒலிப்பதிவுகளை எடுத்து, அவற்றுக்குத் தாமே இசை சேர்த்து ஒரு தொகுப்பாக்கினார். பின்னர் பஃபலோவில் இடிபடவிருந்த பழைய தேவாலயமொன்றைக் காப்பாற்றி, இசையரங்காக மாற்றுவதில் முன்னின்றார். 2010இல் அனாயிஸ் மிச்செலின் 'ஹேட்ஸ்டவுன்' இசைத்தொகுப்பைத் தம் நிறுவனத்தின் வழியாக வெளியிட்டு, அதில் பெர்செபனி என்ற கிரேக்கப் புராணப் பாத்திரமாகவும் பாடினார்; அதே பாத்திரத்தை 2024இல் நியூயோர்க்கின் பிரோட்வே நாடக மேடையில் ஏற்று நடித்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவரின் படைப்புக்குக் கொடுத்த இடம், தமக்கே ஒரு புதிய மேடையாகத் திரும்பி வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பதில் 2 – கிற்றார்க்காரி, பம்பலப்பிட்டி

அண்ணா சொன்னவை சரியே. ஆயினும் நிறுவனத்தைவிட மேடையையே நான் முதலில் வைப்பேன். அவர் விரல்களில் செயற்கை நகங்களை ஒட்டி, அவை கழன்று போகாதபடி மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவால் கட்டிக்கொண்டு, கிற்றாரை மத்தளம்போல் அதிர வாசிப்பவர். அந்த விரல்கள் ஓயாமல் உழைத்ததால்தான் மற்றப் பணிகளுக்கு அத்திவாரம் கிடைத்தது. 1997இல் 'மிஸ்' என்ற அமெரிக்கப் பெண்ணியச் சஞ்சிகை அவரைப் பாராட்டியபோது, இசைத்தட்டொன்றுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதையே பெரிதுபடுத்தியதால், அவர் மனம் நொந்து அந்தச் சஞ்சிகைக்குத் திறந்த கடிதம் எழுதினார். நம்மிடையேயும் ஏ. ஈ. மனோகரன் பொப் பாடகராகவும் திரைப்பட நடிகராகவும் விளங்கினாரே. அவரை யாரும் சிதறியவர் என்று சொல்வதில்லை. ஒன்பது பாடல்கள் கையில் இருக்கும்போது நீங்கள் இன்னும் மேடையேறாததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பதில் 3 – சட்ட மாணவர், மருதானை

நம் இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாடல் உருவான கணத்திலிருந்தே பதிவு எதுவுமின்றிப் பதிப்புரிமை கிடைக்கிறது. ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். எனவே நண்பர்களுக்கு ஒலிப்பதிவு செய்யுமுன், வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, பதிவின் உரிமை யாருக்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். விளம்பர மெட்டுக்கும் பணம் வாங்குமுன்னரே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் நன்றி. இன்றிரவே அந்தத் தாளை எழுதுகிறேன். அக்கா, நண்பரின் வீட்டு மொட்டைமாடியில் அடுத்த போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தன்று ஒன்பது பாடல்களையும் பாட முடிவு செய்திருக்கிறேன், அம்மாவையும் அழைத்திருக்கிறேன்.