குழுக் கடன் வசூலில் அத்துமீறல்: சா-தன் அமைப்பிடம் முறையிடலாமா?

கேள்வி:
மகளிர் குழு மூலம் நுண்கடன் பெற்ற என் அம்மாவின் வீட்டிற்கு, ஒரு தவணை தவறியதற்காக, வசூல் ஊழியர் இரவு எட்டு மணிக்கு வந்து அக்கம்பக்கத்தார் முன்னிலையில் அவரை அவமதித்தார். நுண்நிதி நிறுவனங்களின் நடத்தையைக் கண்காணிக்கும் சா-தன் என்ற அமைப்பு இதில் தலையிடுமா?

பதில் 1:
தங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தத்திற்குரியது, அது விதிமீறலும்கூட. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. குறித்த வசூல் இடத்திற்குக் கடனாளி தொடர்ந்து இருமுறையேனும் வராதபோதுதான் ஊழியர் வீட்டிற்கே வரலாம். 1999இல் தொடங்கப்பட்ட சா-தன், 2015இல் ரிசர்வ் வங்கியால் தன்னொழுங்கு அமைப்பாக, அதாவது தன் உறுப்பினர் நிறுவனங்களின் நடத்தையைத் தானே ஒழுங்குபடுத்தும் அமைப்பாக, ஏற்கப்பட்டது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் அளித்து, ஒப்புகை பெறுங்கள். நிறுவனம் சா-தனின் உறுப்பினராக இருந்தால் அடுத்து அங்கே முறையிடலாம். ஆயினும் அது உறுப்பினர்களின் சங்கமே என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பதில் 2:
நிறுவனம் தந்த கடன் விவர அட்டையிலுள்ள வட்டியையும் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று முழு அசலுக்கும் கணக்கிட்டு மாதத் தவணையில் வசூலித்தால், அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி 22 விழுக்காட்டை நெருங்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளையே எழுத்தில் புகார் அளிக்கிறேன்.