வைஃபை வேற, லைன் வேறன்னு எப்படிச் சொல்றது?

யாங்கோன்ல இருந்து எழுதுறேன். எங்க தெருவுல இருக்கிற வயசானவங்களுக்கு இன்டர்நெட் வகைகள பத்தி தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கணும், ரெண்டு மாசமா முடியல. இவங்களுக்கு ஃபைபரும் வைஃபை, சிம் போடுற ரவுட்டரும் வைஃபை, போன் டேட்டாவும் வைஃபை. பெரியப்பா வீட்டு ரவுட்டர் பேர்ல 5ஜின்னு தெரியவும் 5ஜி வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டாரு, அது வீட்டு வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மொபைல் 5ஜிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு மூணு தடவ சொல்லியும் புரியல, தப்பு அவரு மேல இல்ல, என் வார்த்தை மேல தான்.

பிராட்பேண்ட்னு சொல்லிப் பாத்தேன், அகலக்கற்றைன்னும் சொன்னேன், எடுபடல. தண்ணிக் குழாய் உதாரணத்துல வேகம் புரிஞ்சுது, ஆனா 40 எம்பிபிஎஸ் லைன்ல நொடிக்கு 5 எம்பி தானே இறங்குதுன்னு கேட்டாங்க, எம்பிபிஎஸ்ல பிட்டு, எம்பில பைட்டு, எட்டு பிட்டு ஒரு பைட்டு, அதனால எட்டால வகுக்கணும்னு ஆரம்பிச்சதும் எல்லாரும் எழுந்துட்டாங்க. போன வாரம் கம்பி வழி, டவர் வழி, சாட்டிலைட் வழின்னு பிரிச்சேன், அது மட்டும் நல்லா பிடிச்சுது. ஆனா வைஃபை அந்த வரிசையில வராதே, அது வீட்டுக்குள்ள ரவுட்டர்ல இருந்து போன் வரைக்கும் தான், இங்க தான் மாட்டிக்கிட்டேன்.

வீட்டுக்கு வர்ற லைனுக்கும் வீட்டுக்குள்ள பரவுற வைஃபைக்கும், எழுபது வயசுக்காரருக்கு உடனே புரியற மாதிரி நீங்க என்ன தமிழ் வார்த்தை சொல்வீங்க?