சோடா போட்டா கோட்டிங் திரும்ப வருமாம்!

கரிச்சட்டி:
நேத்து பக்கத்துத் திரியில பகிர்ந்த வீடியோவைப் பார்த்ததுல இருந்து எரிச்சல் அடங்கலை. பழைய நான்ஸ்டிக் பான்ல தண்ணி ஊத்தி, சமையல் சோடாவும் வினிகரும் போட்டுக் கொதிக்க விடுறார். நுரை பொங்குது. கொட்டிட்டு எண்ணெய் தடவி, புகை கிளம்புற வரைக்கும் சூடு பண்றார். கடைசியில முட்டை வழுக்கிட்டு ஓடுது. "கோட்டிங் திரும்ப வந்துடுச்சு"ன்னு ஒரு சிரிப்பு வேற. கீழே வரிசையா கும்பிடு.

அய்யா, போனாத்தானே திரும்ப வர்றதுக்கு? அவர் பான்ல கோட்டிங் போகவே இல்லை. இருந்தது பழுப்பு. எண்ணெய் சூட்டுல காய்ஞ்சு காய்ஞ்சு பிசினா இறுகி உக்காந்த பழுப்பு. அது சோடாத் தண்ணியில ஊறிக் கழண்டது, அடியில நல்லா இருந்த பூச்சு வெளியே தெரிஞ்சது. சங்கதி அவ்வளவுதான். நிஜமாவே உரிஞ்ச பான்ல எதைக் கொதிக்க விட்டாலும் ஒண்ணும் வராது. தொழிற்சாலையில உலோகத்தைத் துகள் வீசிச் சொரசொரப்பாக்கி, ப்ரைமர்ங்கிற அடிப்பூச்சு அடிச்சு, அதுக்கு மேல பூச்சு அடிச்சு, 400 டிகிரிக்குக் கிட்ட சுட்டு எடுக்கிறாங்க. இவர் அதை எண்ணெய்த் துணியில முடிச்சுட்டாராம்.

மரக்கரண்டி:
அந்த வீடியோவைப் பகிர்ந்தது நான்தான் தம்பி. பேரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், எதுக்குச் சுத்தி வளைச்சு? பழுப்பு எண்ணெய்தான்னு அடிச்சுச் சொல்றீங்களே, பக்கத்துல நின்னு பார்த்தீங்களா? என் பான்லயும் நடுவட்டம் முழுக்கப் பழுப்பு. தேய்ச்சாலும் போகாது. அது கோட்டிங்கே நிறம் மாறினது. கோட்டிங் கெட்டா பழுப்பாகும், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கரிச்சட்டி:
தேய்ச்சா போகலைங்கிறதுதான்க்கா அது எண்ணெய்ங்கிறதுக்கே சாட்சி! இறுகின எண்ணெய் சோப்புக்கு மசியாது. பானைச் சாய்ச்சு ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. வார்னிஷ் அடிச்ச மாதிரி மினுமினுன்னு இருக்கும். விளிம்புப் பக்கம், எண்ணெய் தெறிச்சு நின்ன இடத்துல, புள்ளி புள்ளியா திட்டா ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் நடுவுல ஒரு நிறம். பான் லேசா சூடா இருக்கிறப்ப விரலை வெச்சா ஒட்டும். கோட்டிங் போன இடம் அப்படி இருக்காது. சாம்பலா, வெளுப்பா, அடி உலோகம் தெரியும், ஓரத்துல செதில் தூக்கிட்டு நிக்கும். உங்களுக்கு உலோகம் தெரியுதா, தெரியலையா? அதைச் சொல்லுங்க.

மரக்கரண்டி:
எனக்குத் தெரியுதோ இல்லையோ, நான் கேட்டது பழுப்பைப் பத்தி.

சும்மாவந்தவன்:
பாப்கார்னோட வந்துட்டேன். பழைய குக்கர் கேஸ்கெட் திரியில நடந்த சண்டையோட ரெண்டாம் பாகம்.

வாத்தியார்:
இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். சமையல் சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டையும் சேர்த்தால் கரியமில வாயு நுரையாகப் போய்விடும், மிச்சம் சோடியம் அசிடேட் என்ற உப்பு கலந்த தண்ணீர். அழுக்கைக் கரைக்கும் காரத்தை நாமே அமிலம் ஊற்றிக் கொல்கிறோம். சோடாவை மட்டும் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் மெதுவாகக் கொதிக்க விட்டு, மென்மையான பஞ்சால் துடைத்தாலே போதும். நுரை வெறும் வேடிக்கை.

மரக்கரண்டி:
வேடிக்கையா? நுரை வந்ததும் பழுப்பு கழண்டு மிதந்ததே, அது என்னவாம்?

வாத்தியார்:
குமிழி கொஞ்சம் கிளறிவிடும், மறுக்கவில்லை. கொதிநீரும் மீந்த சோடாவும் சேர்ந்துதான் கழற்றியிருக்கும்.

கரிச்சட்டி:
வாத்தியார் சார், "மிதந்தது"ன்னு அவங்களே சொல்லிட்டாங்க, கவனிச்சீங்களா? மிதந்தது பழுப்பு. பழுப்பு கழண்டா அது கோட்டிங் இல்லை. கோட்டிங்கா இருந்தா கழண்டதும் முட்டை வழுக்குமா, ஒட்டுமா? நான் முதல் பதிவுல இருந்து சொல்றது இதைத்தான்.

பச்சைக்கிளி:
பழுப்பு கிடக்கட்டும். புகை வர்ற வரைக்கும் சூடு பண்ணுங்கன்னு அந்த வீடியோ சொல்லுது, அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கலை. நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல போனா மெல்லச் சிதைய ஆரம்பிக்கும், 350 தாண்டினா ரொம்ப வேகமா. வெறும் பானைப் பெரிய தீயில வெச்சா சில நிமிஷத்துல அந்தச் சூட்டுக்குப் போயிடும். அந்த ஆவியில கூண்டுப் பறவை பொத்துனு விழுந்து செத்துடும், நுரையீரல் தாங்காது. மனுஷனுக்குக் குளிர், காய்ச்சல், இருமல்னு வந்து ஒரு நாள், ரெண்டு நாள்ல விடும். ஃப்ளூன்னு நினைச்சுட்டுப் போயிடுவோம். வீட்டுல கிளி வளர்க்கிறவங்க இந்த வித்தையைச் செய்யவே செய்யாதீங்க.

கரிச்சட்டி:
ரொம்ப சரி. அதுவும் என் பக்கம்தான்.

பச்சைக்கிளி:
நான் யார் பக்கமும் இல்லை. கிளி பக்கம்.

நெருப்புக்கோழி:
இத்தனை பேர் நான்ஸ்டிக்கை எப்படிக் காப்பாத்துறதுன்னு மண்டையை உடைச்சுக்கிறீங்க. தூக்கிப் போடுங்கய்யா! நான்ஸ்டிக் தயாரிப்புல சேர்த்த பிஎஃப்ஓஏங்கிற ரசாயனம் புற்றுநோய் வரவழைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பே 2023-ல முதல் பட்டியல்ல சேர்த்தாச்சு. நீங்க இன்னும் சோடாவா வினிகரான்னு.

கரிச்சட்டி:
அரைகுறையாப் படிச்சுட்டு வந்தா இப்படித்தான். பிஎஃப்ஓஏ பூச்சு தயாரிக்கிறப்ப உதவிக்குச் சேர்த்த பொருள், பூச்சு அது இல்லை. பூச்சு பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான். அமெரிக்காவுல பெரிய கம்பெனிகள் 2015-க்குள்ள பிஎஃப்ஓஏவை நிறுத்திடுறோம்னு ஒப்புக்கிட்டு நிறுத்தினாங்க. உரிஞ்ச செதில் தெரியாம வயித்துக்குள்ள போனாலும் எதோடயும் வினை புரியாம வெளியே வந்துடும். அதுக்காக உரிஞ்ச பானை வெச்சுக்கச் சொல்லலை. பழுப்பான பானைத் தூக்கிப் போடாதீங்கன்னு சொல்றேன்.

நெருப்புக்கோழி:
நிறுத்திட்டு அதே குடும்பத்து இன்னொரு ரசாயனத்தைச் சேர்த்தாங்களே, அதைச் சொல்ல வாய் வரலையா? கம்பெனிக்காரன் மாதிரியே பேசுறீங்க.

கரிச்சட்டி:
ஆமா, மாசாமாசம் செக் வருது.

சும்மாவந்தவன்:
நிலாவுக்கு ராக்கெட் விட நாசா கண்டுபிடிச்ச பொருளை முட்டை பொரிக்க வெச்சுட்டு, இதுல சண்டை வேற.

வாத்தியார்:
நாசா கண்டுபிடிக்கவில்லை. 1938-ல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் இருந்தபோது, வாயு நிரப்பிய சிலிண்டரைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. எடை மட்டும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள், அதுதான் டெஃப்லான். பிரான்சில் மார்க் கிரெகுவார் 1954-ல் அதை அலுமினியப் பாத்திரத்தில் பிடிக்கவைத்தார், 1956-ல் டெஃபால் நிறுவனத்தைத் தொடங்கினார். நாசா பிறந்ததே 1958-ல்.

சும்மாவந்தவன்:
ஒரு ஜோக்குக்கு நாலு வருஷக் கணக்கா? தாங்காது சார்.

வாத்தியார்:
ஜோக்காகத்தான் தப்பான தகவல் பரவுகிறது. குக்கர் திரியிலும் இதையே செய்தீர்கள்.

மரக்கரண்டி:
எல்லாரும் திசை திருப்புங்க. என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எண்ணெய் தடவிச் சூடு பண்றது தப்புன்னா, புதுப் பானோட வர்ற தாள்லயே "முதல்ல எண்ணெய் தடவவும்"னு ஏன் போட்டிருக்கான்? கம்பெனிக்காரனும் முட்டாளா?

கரிச்சட்டி:
தடவித் துடைக்கச் சொல்றான்க்கா, புகைக்கச் சொல்லலை. லேசா ஒரு துளி, அதுவும் துணியால துடைச்செடுத்துடணும். இரும்புக் கல்லைப் பழக்குறதுன்னு ஒண்ணு இருக்கு, எண்ணெய் சூட்டுல இறுகி இரும்போட சொரசொரப்பைப் பிடிச்சுக்கும். நீங்க அதையே நான்ஸ்டிக்குக்கும் செஞ்சா என்ன ஆகும்? எதுவும் ஒட்டாத பரப்பு அது, எண்ணெயும் ஒழுங்காப் பிடிக்காது. அங்கங்க திட்டா இறுகி நிக்கும். அந்தத் திட்டுக்குத்தான் பழுப்புன்னு பேரு. அதாவது நீங்க புதுப்பிக்கிறதா நினைச்சு அடுத்த பழுப்புக்கு அஸ்திவாரம் போடுறீங்க.

மரக்கரண்டி:
பிடிச்ச முயலுக்கு மூணே கால். பழுப்பு பழுப்பு பழுப்பு. சோடா போட்டுச் சுத்தம் பண்ணி எண்ணெய் தடவினதுக்கு அப்புறம் என் பான் பளபளன்னு வழுக்குது. நீங்க என்ன வேணா சொல்லிக்கோங்க, கண்ணால கண்டது நான்.

புதுவரவு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மரக்கரண்டி அம்மா, உங்க பான் கறுப்பு டெஃப்லானா, இல்லை வெளிர் நிற செராமிக்கா? ரெண்டும் வேற பூச்சுன்னு படிச்சேன். செராமிக்னு சொல்றது சிலிக்கா, அதுல பழுப்புக் கறை வேற மாதிரி தெரியும்...

மரக்கரண்டி:
எதுவா இருந்தா என்ன, நான்ஸ்டிக் நான்ஸ்டிக்தான். பால் காய்ச்சினா கீறல் அடைபடும்னு இன்னொரு வழியும் இருக்கு. அதையும் திட்டுவீங்க, சொல்லிடுறேன்.

கரிச்சட்டி:
திட்டாம? பால் புரதம் கீறல்ல கரிஞ்சு ஒட்டும். அடுத்த நாள் அதுவும் பழுப்பு! பூச்சோட மொத்த தடிமனே சில பத்து மைக்ரான் கணக்குல வர்றது, ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அந்தக் கீறலைப் பால் அடைச்சு, அது சோப்புக்கும் சூட்டுக்கும் தாங்கி நிக்கணுமாம். பூச்சையே உருக்கி ஓடவிட்டாக்கூட அடையாதுன்னு தெரியுமா? பிடிஎஃப்இ 327 டிகிரியில உருகும், ஆனா உருகினாலும் ஓடாது. கூழாகி நின்ன இடத்துலயே நிக்கும். அதனாலதான் கீறல் தானா ஆறாது.

இதோட ஸ்ப்ரே டப்பாக்காரங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடுறேன். மெஷின் உராய்வுக்கு விக்கிற டெஃப்லான் ஸ்ப்ரேயை வாங்கிப் பான்ல அடிக்கிறவங்க இருக்காங்க. அது சாப்பாட்டுப் பாத்திரத்துக்குச் செஞ்சது இல்லை.

உலைமூடி:
மறுபூச்சுன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு சார். ரொட்டி சுடுற தொழில்ல தட்டுகளைப் பழைய பூச்சை முழுக்க உரிச்சுட்டுத் திரும்பப் பூச அனுப்புவாங்க. அப்போ "எதைச் செஞ்சாலும் வராது"ன்னு நீங்க சொன்னது தப்புதானே?

கரிச்சட்டி:
"வீட்டுல"ன்னு சொன்னேன். படிங்க.

உலைமூடி:
முதல் பதிவுல "வீட்டுல"ன்னு இல்லை. மேல போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

கரிச்சட்டி:
எண்ணெய்த் துணியைப் பத்திப் பேசுறேன், அது என்ன தொழிற்சாலையிலயா கிடக்குது? வார்த்தையைப் பிடிச்சுத் தொங்குறதுக்கு ஆள் வேணும்னா உங்களைக் கூப்பிடுறேன்.

மரக்கரண்டி:
கேஸ்கெட் திரியிலயும் இதே கதைதான். சொன்னதைச் சொல்லலைம்பார்.

கரிச்சட்டி:
மேடம், கேஸ்கெட்ல நான் சொன்னதுதான் கடைசியில நின்னது. சரி, இந்த விஷயத்துக்கு வாங்க. கவனமா கேளுங்க: சலவை சோடா வேற, சமையல் சோடா வேற. சலவை சோடா போட்டா அலுமினியத்தை அரிக்கும். சமையல் சோடாகூட, கீறல் வழியா உலோகம் வெளியே தெரிஞ்ச இடத்துல ரொம்ப நேரம் ஊறினா கறுக்க வெச்சுடும். அதனால உரிஞ்ச பானுக்கு இந்த வித்தை உதவாதது மட்டும் இல்லை, இன்னும் கெடுக்கும். பழுப்பு மட்டும் இருக்கிற பானுக்கு உதவும். ஏன்னா பழுப்பு எண்ணெய்.

நெருப்புக்கோழி:
கம்பி நார் போட்டு நாலு இழு இழுத்தா பழுப்பும் போகும், கோட்டிங்கும் போகும், சண்டையும் போகும்.

வாத்தியார்:
வெள்ளை மெலமின் பஞ்சும் அப்படித்தான், மென்மையாகத் தெரியும், உண்மையில் அது நுண்ணிய உராய்வுப் பொருள். தினமும் அதைப் போட்டால் பூச்சு மெலியும். இதை யாரும் கவனிப்பதில்லை.

சும்மாவந்தவன்:
கவனிச்சாச்சு சார். அதுக்கு வருஷம் எதுவும் இல்லையா?

நிர்வாகி:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். கேஸ்கெட் விவகாரத்தை இங்கே இழுக்காதீர்கள், அந்தத் திரி பூட்டப்பட்டுவிட்டது.

கரிச்சட்டி:
பூட்டினதே தப்பு, நான் பதில் எழுதிட்டு இருந்தப்ப பூட்டினீங்க.

புதுவரவு:
செராமிக்கா டெஃப்லானா, யாராவது சொன்னா நல்லது. என் பான் வெள்ளை, பழுப்பாயிடுச்சு, அதான்.

மரக்கரண்டி:
தம்பி, வேற பேச்சே வேண்டாம். நாளைக்குப் பகல்ல என் பானைப் படம் எடுத்துப் போடுறேன். சுரண்டின இடத்தையும் சேர்த்து. பழுப்புக்கு அடியில என்ன இருக்குன்னு எல்லாரும் பார்க்கட்டும்.

கரிச்சட்டி:
சுரண்டினீங்களா? எதால சுரண்டினீங்க? முதல்ல "தேய்ச்சாலும் போகாது"ன்னு மட்டும்தானே சொன்னீங்க?

மரக்கரண்டி:
எதால சுரண்டினா உங்களுக்கென்ன?

கரிச்சட்டி:
ஃப்ளாஷ் போடாம எடுங்க. ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு எடுத்தாத்தான் பழுப்பு மினுங்கறது தெரியும்.

மரக்கரண்டி:
படம் எப்படி எடுக்கணும்னு உங்ககிட்டக் கத்துக்கணும்னு அவசியம் இல்லை.

சும்மாவந்தவன்:
ஜூம் பண்ணி எடுங்கக்கா, பின்னாடி குக்கர் தெரியாம.