டூவிக்ஸ்: ஜேன்வே செய்தது கொலையா, இல்லையா?

கடைசிபெஞ்ச் (கேள்வி)

வீட்டைவிட்டு வெகுதூரத்தில் சிக்கிக்கொண்ட ஒரு விண்கப்பலின் கதையான ஸ்டார் ட்ரெக் வாயேஜர் தொடரை இப்போதுதான் முதல் தடவையாக வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இரண்டாவது சீசன் முடியப்போகும் நேரத்தில் 'டூவிக்ஸ்' என்ற பகுதி வந்தது. அதிலிருந்து எனக்கும் எங்கள் சித்தி பையனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிரகத்தில் செடி சேகரிக்கப் போன பாதுகாப்பு அதிகாரி டூவாக்கும் சமையல்காரர் நீலிக்ஸும், ஆட்களை நொடியில் இடம் மாற்றும் ட்ரான்ஸ்போர்ட்டர் கருவி வழியாகத் திரும்பும்போது ஒரே ஆளாக வந்து இறங்குகிறார்கள். கோளாறுக்குக் காரணம் கையோடு கொண்டுவந்த பூச்செடி. வந்தவர் தனக்கு டூவிக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்கிறார். இருவரின் நினைவுகளும் அவரிடம் இருக்கின்றன, ஆனால் குணம் மூன்றாவது ஆளுடையது. அடுப்படியையும் பார்த்துக்கொள்கிறார், பாதுகாப்பு அதிகாரி வேலையையும் செய்கிறார், கப்பலில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போகிறது. சில வாரங்கள் கழித்துப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். அவர் மாட்டேன் என்கிறார். கெஞ்சுகிறார். கேப்டன் ஜேன்வே கேட்கவில்லை, பிரித்துவிடுகிறார்.

"பச்சைக் கொலை" என்கிறான் தம்பி. "இரண்டு பேரைக் காப்பாற்றியதை எப்படிடா கொலை என்பாய்" என்று கேட்டேன். அதற்கு அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இங்கே எழுத முடியாது. நீங்கள் எந்தக் கட்சி? 1996-இல் வந்த ஒரே ஒரு பகுதிக்காக இன்னும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

வார்ப்கோர்

ஜேன்வே கட்சி. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

டூவாக்குக்குச் சொந்தக் கிரகமான வல்கனில் மனைவி டி'பெல் இருக்கிறார், நாலு பிள்ளைகள். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும் பயணத்தை வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கையில் ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதர். நீலிக்ஸை நம்பி அவன் காதலி கெஸ் இருக்கிறாள், அவள் இனத்துக்கு ஆயுளே ஒன்பது வருஷம்தான். இருவரும் விபத்தில் மாட்டிக்கொண்டவர்கள், மீட்க வழி கிடைத்தது, கேப்டன் மீட்டார். டூவிக்ஸ் நல்லவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இருப்பது வேறு இருவரின் உடம்பில். பழைய ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக்கே சொன்னதுதானே, பலரின் தேவை சிலரின் தேவையைவிடப் பெரிது என்று. ஒரு ஆள், இரண்டு ஆள். கணக்கு அவ்வளவுதான்.

மதுரைக்கோமதி

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று சிகிச்சைக்கான ஒருங்கிணைப்பாளர். அதனால் இந்தப் பகுதியை ஒரு கதையாக மட்டும் என்னால் பார்க்க முடியாது. வீட்டில் எல்லோரும் நீலிக்ஸ் திரும்பி வந்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, "கையெழுத்து எங்கே, கையெழுத்து எங்கே" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் வேலை இப்படி. கிட்னி தர ஒருவர் முன்வருகிறார் என்றால் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவோம். அண்ணன், மாமியார், கணவர், எல்லோரும் கதவுக்கு வெளியே. உள்ளே வருகிற பெண் "முழு மனசோடதான் தர்றேன் மேடம்" என்பாள். பார்வை மட்டும் மேஜையில் இருக்கிற ஃபைலைவிட்டு நகராது. புடவைத் தலைப்பைச் சுருட்டுவாள், பிரிப்பாள், மறுபடி சுருட்டுவாள். நான் அடுத்த கேள்விக்குப் போகமாட்டேன். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். சில பேர் அந்த நேரத்தில்தான் உண்மையைச் சொல்வார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரியாக இருந்தாலும் சரி, அத்தோடு முடிந்தது. வெளியே நிற்பவர்களிடம் "டெஸ்ட்டில் ஒத்துவரவில்லை" என்று நாங்களே சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றுவதும் உண்டு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டமும், சம்மதம் இல்லாத உடம்பிலிருந்து எடுத்துவிடக்கூடாது என்றுதான் சொல்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி பாருங்கள். கட்டுப்பாட்டு அறையில் டூவிக்ஸ் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சுகிறார். நேற்றுவரை அவர் கையால் சாப்பிட்டவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காவலர்கள் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சிகிச்சை அறையில் ஒரே ஒருவர் மறுக்கிறார். நான் மருத்துவன், ஒருவர் உயிரை அவர் சம்மதம் இல்லாமல் எடுக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ஒளியால் ஆன ஒரு ப்ரோக்ராம் அந்த டாக்டர், கப்பலில் பாதிப் பேர் அவரை முழு ஆளாகக்கூட மதிப்பதில்லை. அப்புறம் ஜேன்வே தானே வந்து பட்டனைத் தொடுகிறார். டாக்டர் கைவைக்க மறுத்த இடத்தில் நிர்வாகம் வந்து கைவைத்தால் அதற்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வார்ப்கோர், ஸ்பாக்கை இதில் இழுக்காதீர்கள். 1982 படத்தில் ஸ்பாக் அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத் தானே கதிர்வீச்சு அறைக்குள் போனார். பக்கத்தில் நின்ற ஒருவரைப் பிடித்துத் தள்ளவில்லை. 1984-இல் வந்த அடுத்த படத்திலேயே அவருடைய கேப்டன் கிர்க் அதைத் திருப்பிப்போட்டு, அந்த ஒருவனுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் வந்தோம் என்கிற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டார். பாதி வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடுவது நியாயமில்லை.

அதற்காக ஜேன்வே பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். நீங்கள் விட்டுவிட்ட ஒரு வாதம் இருக்கிறது, நானே எடுத்துத் தருகிறேன். டூவாக்கும் நீலிக்ஸும் இறந்துவிட்டார்களா? மூளைச்சாவை உறுதிசெய்ய நாங்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளிவிட்டு இரண்டு தடவை பரிசோதிக்கிறோம். திரும்ப வர வழியே இல்லை என்று டாக்டர் குழு கையெழுத்துப் போட்டால்தான் இறப்பு. இங்கே வழி இருக்கிறது. கப்பல் அதிகாரி ஹாரி கிம்மும் டாக்டரும் அதைக் கண்டுபிடித்துக் கையில் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த இருவரையும் இறந்தவர்கள் கணக்கில் நான் எழுத முடியாது. அவர்கள் நோயாளிகள். டூவிக்ஸ் கட்சிக்காரர்கள் "அவர்கள்தான் ஏற்கெனவே செத்துவிட்டார்களே" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காதது இதனால்தான்.

ஆனால் நோயாளி என்றால்? என் மேஜையிலும் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. அதில் நாலு பிள்ளைக்காரரும் இருக்கிறார், போன வருஷம் கல்யாணமானவரும் இருக்கிறார். அவர்களுக்குக் கல்லீரல் தேவை என்பதால், நடைபாதையில் நல்லபடியாக நடந்துபோகிற வார்டுபாயின் கல்லீரல் அவர்களுடையது ஆகிவிடாது. இங்கே ஒரு சிக்கல் உண்டு, அந்த வார்டுபாய் செய்யப்பட்டதே இவர்கள் இருவரின் உடம்பிலிருந்துதான் என்பீர்கள். அங்கேதான் எனக்கும் கொஞ்சம் தடுக்கிறது. ஆனாலும் அவர் யாரிடமிருந்தும் திருடவில்லை. விபத்துக்கு அவர் காரணமில்லை. எங்கிருந்து வந்தோம் என்பதற்காக ஒருவர் தண்டனை அனுபவிக்க முடியாது.

எனவே, என் கட்சி டாக்டர் கட்சி.

பழையகேசட்

கோமதி மேடம் எழுதியது அருமை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஜேன்வேயை மட்டும் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. டூவாக்காக நடிக்கும் டிம் ரஸ், நீலிக்ஸாக நடிக்கும் ஈத்தன் ஃபிலிப்ஸ் இருவர் பெயரும் டைட்டிலில் வருகிறது. அடுத்த வாரம் இருவரும் திரும்பி வந்தே ஆகவேண்டும். டூவிக்ஸாக நடித்த டாம் ரைட் அந்த ஒரு வாரத்துக்கு வந்தவர். தீர்ப்பு எழுதியது ஒப்பந்தம்.

இந்த மாதிரிக் கதையில் வழக்கமாக என்ன செய்வார்கள்? கடைசி நிமிஷத்தில் டூவிக்ஸே மனம் மாறி "நான் போகிறேன்" என்று சொல்லிவிடுவார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூங்கப்போகலாம். 2003-இல் இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான என்டர்பிரைஸில் 'சிமிலிட்யூட்' என்றொரு பகுதி வந்தது. கப்பல் இன்ஜினியர் ட்ரிப்பைக் காப்பாற்ற அவனுடைய நகல் ஒன்றை வளர்க்கிறார்கள், நகல் சாக வேண்டும், கேப்டன் ஆர்ச்சர் மிரட்டுகிறார், கடைசியில் நகலே சம்மதித்துவிடுகிறது. நல்ல பகுதிதான், அழுதேன். ஆனால் அதைப் பற்றி யாராவது இப்படிச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 'டூவிக்ஸ்' எழுதிய கென்னத் பில்லர் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. அதுதான் கடைசிபெஞ்சின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்.

அவர்கள் செய்த தப்பு அதற்கு அடுத்த வாரத்தில் இருக்கிறது. ஜேன்வே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நடைவழியில் தனியாக நடந்துபோகிறார், முடிந்தது. அதற்கப்புறம் வரும் பகுதிகளில் நீலிக்ஸ் சமைக்கிறார், டூவாக் புருவம் உயர்த்துகிறார், ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்த இருவருக்கும் டூவிக்ஸின் நினைவுகள் மிச்சம் இருந்ததா? ஒருவரையொருவர் பார்க்கும்போது என்ன தோன்றும்? ஏழு சீசன், 172 பகுதிகள் ஓடிய தொடரில் அதற்கென்று உட்கார்ந்து ஒரு காட்சி எழுதவில்லை. கதையில் யாரும் விசாரிக்காததால் நாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இதே ஸ்டார் ட்ரெக்கில் 1989-இல் டேட்டா என்ற அதிகாரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் கிளம்பியபோது ஒரு விசாரணை நடந்தது, கேப்டன் பிக்கார்ட் வக்கீலாக நின்றார், நீதிபதி தீர்ப்பு சொன்னார். டேட்டா இயந்திரம். டூவிக்ஸுக்கு ரத்தமும் சதையும் இருந்தும் அரை மணி நேர விசாரணைகூட இல்லை. அது ஏன் என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தாலும் போதும்.

தொழில்நுட்பக் கட்சி ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1993-இல் 'செகண்ட் சான்சஸ்' பகுதியில் ட்ரான்ஸ்போர்ட்டர் ரைக்கர் என்ற அதிகாரியை இரண்டு ஆளாக்கிவிட்டது. டூவிக்ஸையும் அப்படி இரண்டாக்கி, ஒருவரை மட்டும் பிரித்திருக்கலாமே என்பார்கள். அந்த இரண்டாவது டூவிக்ஸுக்கும் உயிர் வேண்டாமா? எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

2023-இல் ஸ்டார் ட்ரெக்கின் லோயர் டெக்ஸ் கார்ட்டூன் நாலாவது சீசனை இந்த விஷயத்தை வைத்தே தொடங்கியது. பகுதியின் பெயரே 'டூவிக்ஸ்' மாதிரி ஒலிக்கும்படி வைத்தார்கள். கார்ட்டூன்காரர்கள் கிண்டலடிக்கும் அளவுக்கு இது வீட்டுச் சண்டையாகிவிட்டது.

வார்ப்கோர்

ஒப்பந்தம், நடிகர் என்றெல்லாம் போனால் எதையுமே பேச முடியாது. கதைக்குள்ளே நின்று பேசுவோம்.

கோமதி மேடம், ஸ்பாக் விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் 1966-இல் கிர்க்கை ட்ரான்ஸ்போர்ட்டர் நல்லவன், கெட்டவன் என்று இரண்டாகப் பிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? கெட்ட கிர்க்கும் "நான் வாழவேண்டும்" என்று கதறினான். அவனைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒட்டினார்கள். அதற்கு இதுவரை யாராவது கொலை என்று சொன்னார்களா? கேள்விப்பட்டதே இல்லை. கெட்டவன் என்றால் பரவாயில்லை, நன்றாகச் சமைப்பவன் என்றால் மட்டும் கொலையா?

கடைசிபெஞ்ச்

ஐயோ, கெட்ட கிர்க்கை நான் யோசிக்கவே இல்லை. தம்பியிடம் இதைக் கேட்கப்போகிறேன்.

கோமதி அக்கா, ஒரு சந்தேகம். கெஸ் அழுததுதான் ஜேன்வேயின் மனதை மாற்றியது என்று தம்பி சொல்கிறான். கெஸ்ஸை டூவிக்ஸ் தனக்காகப் பேசச் சொல்லிக் கேட்டும், அவள் போய் எனக்கு நீலிக்ஸ் வேண்டும் என்று அழுதாள். அவள்மேல் கோபம் வருகிறது என்கிறான். உங்களுக்கு?

மதுரைக்கோமதி

கெஸ்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை தம்பி. ஐசியூவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்பார்கள். "எவனையாவது பிடித்துக் கொண்டாங்க, நான் பணம் தர்றேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அதைக் கேட்டு நாங்கள் கிளம்பிப்போனால்தான் தப்பு. கெஸ் அழலாம், ஜேன்வே அதைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

வார்ப்கோர், கெட்ட கிர்க் நல்ல அடி. ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பகுதியில் இரண்டு பாதிகளும் தனித்தனியாகத் தேய்ந்துகொண்டிருந்தன. ஒட்டாவிட்டால் இரண்டும் போயிருக்கும். டூவிக்ஸ் நல்ல ஆரோக்கியமாக இருந்தார், விட்டிருந்தால் வல்கன்காரர்களின் நீண்ட ஆயுசுக்கு இருந்திருப்பாரோ என்னவோ. ஆனால் கதறினவனைப் பிடித்துக்கொண்டு ஒட்டியது சரியா என்று கேட்டால், சம்மதம் இல்லைதான். அதையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

பழையகேசட் சார், ஒன்றுமே மிச்சமில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாவது சீசனில் 'லேட்டன்ட் இமேஜ்' இருக்கிறது, 1999. டாக்டரிடம் ஒரே காயத்தோடு இரண்டு பேர் வருகிறார்கள், ஹாரி கிம்மும் ஜெட்டால் என்ற பெண்ணும். ஒருவருக்குத்தான் நேரம் இருக்கிறது. டாக்டர் ஹாரியைக் காப்பாற்றுகிறார். நண்பன் என்பதால்தானே அவனை எடுத்தோம் என்று அந்த ப்ரோக்ராம் பித்துப்பிடித்துப் போகிறது. ஜேன்வே என்ன செய்கிறார்? டாக்டரைக் கேட்காமலே அவர் நினைவிலிருந்து அந்த நாளை அழித்துவிடுகிறார். டூவிக்ஸ் என்ற பெயர் அதில் வராது. ஆனால் சம்மதம் இல்லாமல் ஒருவருக்குள் கைவைக்கிற அதே கேப்டன், அதே சிகிச்சை அறை. இந்தத் தடவை ஒருவர் அவரிடம் போய், இது தப்பு என்று சொல்கிறார், அவரும் கேட்கிறார். சொல்வது யார் என்று கடைசிபெஞ்சுக்காக இங்கே எழுதவில்லை. அந்த ஆள் நாலாவது சீசனில்தான் கப்பலுக்கே வரப்போகிறார்.

தம்பியோடு சேர்ந்து பாருங்கள். அதுவரை வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்.