மறு: டைட்டானியம் மடக்குக் கத்தி வாங்கலாமா? 'பிரேம் லாக்' தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் உரையாடல் இழை இரண்டாகப் பிரிந்து ஓடுகிறது. ஒரு பக்கம், மடக்குக் கத்தியின் விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் 'பிரேம் லாக்' என்ற பூட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இன்னொரு பக்கம், இழையைத் தொடங்கிய தம்பி, இவ்வளவு காசு கொடுத்து டைட்டானியம் கத்தி வாங்குவது தகுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம். அந்தக் கத்தியில் டைட்டானியம் எந்த இடத்தில் உண்மையாக வேலை செய்கிறதோ, அந்த இடத்துக்குத்தான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> டைட்டானியம் எஃகைவிட உறுதி என்கிறார்கள். அப்படியானால் கூர் மழுங்கவே மழுங்காதுதானே?

இல்லை. கடைக்காரர்கள் 'டைட்டானியம் கத்தி' என்று விற்கும் மடக்குக் கத்திகளில் வெட்டும் அலகு பெரும்பாலும் எஃகுதான். கைப்பிடி மட்டுமே டைட்டானியம். பிடிக்கு வழக்கமாகப் பயன்படுவது 6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்த 'கிரேடு 5' உலோகக்கலவை. அதன் கடினத்தன்மை ராக்வெல் சி அளவுகோலில் (எண் கூடக் கூடக் கடினம்) சுமார் 36. நல்ல மடக்குக் கத்தியின் எஃகு அலகு 58 முதல் 62 வரை இருக்கும். 36-இல் கூர் தீட்டினால் கொஞ்ச நேரத்தில் மடங்கிவிடும். டைட்டானியத்தில் அலகு செய்வதும் உண்டு, ஆனால் அது கண்ணிவெடி அகற்றுவோருக்கும் கடலில் மூழ்கி வேலை செய்வோருக்கும். அவர்களுக்குக் காந்தம் ஈர்க்காததும் உப்புநீரில் துருப்பிடிக்காததும் முக்கியம், கூர் அப்புறம்தான்.

ஆகவே முதல் திருத்தம் பொருளின் பெயரிலேயே. 'டைட்டானியம் கத்தி' வேண்டாம், 'டைட்டானியப் பிடி மடக்குக் கத்தி' என்போம். நீளம்தான். ஆனாலும் வாங்குபவரை ஏமாற்றாது.

> எடை குறைவு என்பதற்காகவாவது வாங்கலாம் இல்லையா?

எதைவிடக் குறைவு என்று கேட்க வேண்டும். கன சென்டிமீட்டருக்கு எஃகு சுமார் 7.8 கிராம், டைட்டானியக் கலவை 4.43, அலுமினியம் 2.7. கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த 'ஜி10' 2 கிராமுக்கும் கீழே. எஃகுப் பிடியோடு ஒப்பிட்டால் டைட்டானியம் இலேசு. ஆனால் இன்றைய மடக்குக் கத்திகளில் முழு எஃகுப் பிடி குறைவு; போட்டியெல்லாம் அலுமினியத்தோடும் ஜி10-ஓடும் நைலான் பிடியோடும். ஒரே தடிமனில் செய்தால் அந்த மூன்றையும்விட டைட்டானியம் கனக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பிடியின் உட்புறத்தைக் குடைந்து எடுக்கிறார்கள். சட்டைப் பையில் பாரம் தெரியக் கூடாது என்பதே நோக்கமானால் நைலான் பிடி போதும், காசும் மிஞ்சும்.

சரி, பிறகு எதற்கு டைட்டானியம்? இங்கேதான் பூட்டு வருகிறது.

விரித்த அலகு வெட்டும்போது விரல் மேல் மடங்கிவிடாமல் எதுவோ ஒன்று தடுக்க வேண்டும். பிரேம் லாக்கில், பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, அதிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்துவிடுகிறார்கள். பட்டையின் அடி பிடியோடு ஒட்டியே இருக்கும். அந்த இடத்தை மட்டும் மெல்லியதாகச் சீவியிருப்பார்கள், வளைய வேண்டும் என்பதற்காக. பட்டை உள்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும். அலகு முழுதாக விரிந்ததும் பட்டை உள்ளே பாய்ந்து அலகின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். மடக்கும்போது கட்டைவிரலால் அதை ஒதுக்க வேண்டும். தனி வில் கிடையாது, தனிப் பூட்டு உறுப்பும் கிடையாது.

இப்படி ஒரே துண்டு, கைப்பிடியாகவும் வில்லாகவும் முட்டாகவும் இருக்க வேண்டுமானால் உலோகத்துக்குச் சில குணங்கள் வேண்டும். டைட்டானியக் கலவையின் யங் குணகம் (வளையாமல் விறைத்து நிற்கும் தன்மையின் அளவு) சுமார் 114 ஜிகாபாஸ்கல், எஃகினுடையதில் பாதியைவிடச் சற்றே மேல். ஆனால் நிரந்தரமாக வளைந்துபோகும் முன் அது தாங்கும் தகைவு 800 மெகாபாஸ்கலுக்கும் மேல். அதாவது எளிதில் வளையும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். வில்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அலுமினியத்தை இப்படித் திரும்பத் திரும்ப வளைத்தால் களைத்து விரிசல் விட்டுவிடும். ஜி10-ஆல் உலோக முட்டாக நிற்க முடியாது. உடம்போடு ஒட்டிய பையில் வியர்வையிலேயே கிடந்தாலும் டைட்டானியம் துருப்பிடிக்காது என்பது கூடுதல் ஆதாயம்.

குறையும் உண்டு. கடினமான எஃகில் உரசும்போது டைட்டானியம் அதோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளது. புதுக் கத்தியில் பூட்டை ஒதுக்கும்போது 'டக்' என்று சிக்குவது அதனால்தான். காலப்போக்கில் பட்டையின் முகம் தேய்ந்து, அது மேலும் மேலும் உள்ளே போய் நிற்கும். இதைத் தவிர்க்கப் பட்டையின் நுனியில் எஃகுத் துண்டு ஒன்றைத் திருகிப் பொருத்துகிறார்கள்; சிலர் செராமிக் குண்டு பதிக்கிறார்கள். வாங்கும்போது இது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இதுவரை இழையில் வந்தவை: சட்டகப் பூட்டு, சட்டப் பூட்டு, உடற்பூட்டு.

'சட்டப் பூட்டு' என்றால் வழக்கறிஞர் போட்ட பூட்டு மாதிரி இருக்கிறது. (கத்தி வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் வரக்கூடும் என்பது வேறு விஷயம். விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தியைப் பையில் வைத்திருக்க அனுமதி உண்டா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.) 'சட்டகம்' கணினித்துறையில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. 'உடற்பூட்டு' என்றதும் எனக்கு மல்யுத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆங்கிலச் சொல்லின் பின்னால் ஓடாமல் பொருளின் பின்னால் போனால் வழி தெரியும். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர், பிடிக்குள் மறைந்திருக்கும் மெல்லிய தகட்டைப் பூட்டாக்கும் முறையைப் பக்குவப்படுத்தினார். அது 'லைனர் லாக்'. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன கிறிஸ் ரீவ், தனித் தகடு எதற்கு என்று பிடியையே பூட்டாக்கினார். அவருடைய செபென்சா கத்தியால் அந்த முறை பரவியது. அவர் அதற்கு வைத்த பெயரில் 'பிரேம்' கிடையாது. பிடியோடு ஒன்றிய பூட்டு என்ற பொருளில்தான் பெயரிட்டார். நாமும் அதையே பிடித்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: பிடித்தாழ்.

'பூட்டு' என்றால் சாவி நினைவுக்கு வரும். சாவியில்லாமல் விரலால் தள்ளித் திறப்பது நமக்குத் தாழ். தாழ்ப்பாள் இல்லாத வீடு உண்டா? பிடியே தாழாக நிற்பது பிடித்தாழ். இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்த வகைக் கத்தியை இறுகப் பிடித்தால் விரல்கள் அந்தப் பட்டையை உள்நோக்கி அழுத்தும். பிடிக்கப் பிடிக்கத் தாழ் இறுகும். 'பிடி' என்ற பெயரும் வினையும் இரண்டுமே பொருந்துகின்றன.

இதே வழியில் லைனர் லாக் 'தகட்டுத்தாழ்', முதுகுப் பக்கம் அழுத்தித் திறப்பது 'முதுகுத்தாழ்', பிடிக்குக் குறுக்கே ஓடும் கம்பி முட்டுக் கொடுப்பது 'குறுக்குத்தாழ்', பொத்தான் வைத்தது 'பொத்தான்தாழ்'. குடும்பம் முழுவதற்கும் ஒரே வேர் கிடைத்துவிடுகிறது.

தம்பிக்கான பதிலும் இதிலேயே அடங்கியிருக்கிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கத்தி பிடித்தாழ் வகையா? ஆமாம் என்றால் அதில் டைட்டானியத்துக்கு வேலை இருக்கிறது. கொடுக்கும் காசில் ஒரு பங்கு நியாயமானது. குறுக்குத்தாழிலோ பொத்தான்தாழிலோ பிடி மட்டும் டைட்டானியம் என்றால், நீங்கள் காசு கொடுப்பது தொடு உணர்வுக்கும் தோற்றத்துக்கும். அதுவும் தவறில்லை, ஆனால் தெரிந்து கொடுங்கள். மேலே ஜி10 போட்டு உள்ளே டைட்டானியத் தகட்டுத்தாழ் வைத்த கத்திகளும் உண்டு. பயனுக்கும் விலைக்கும் நடுவில் அவைதான் எனக்குப் பிடித்தவை.

நீலமும் ஊதாவுமாக மின்னுகிறதே என்றும் மயங்க வேண்டாம். அது சாயம் அல்ல. மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பின் ஆக்சைடு படலத்தைத் தடிக்க வைக்கிறார்கள். படலத்தின் தடிமனுக்கு ஏற்ப ஒளி நிறம் காட்டுகிறது. உரியாது, ஆனால் பையில் சாவியோடு உரசினால் கீறல் பளிச்சென்று தெரியும்.

பிடிக்குக் காசைக் கொட்டிவிட்டு அலகில் கஞ்சத்தனம் செய்த கத்திகள் நிறைய. வெட்டுவது பிடியல்ல. எஃகின் பெயரைக் கேட்பதோடு, கத்தியின் வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்று பாருங்கள். அங்கே தடித்திருந்தால் எவ்வளவு கூர் வைத்தாலும் அட்டைப் பெட்டியில் ஆப்பு மாதிரி சிக்கும். இதற்கு 'வாய்க்கனம்' என்று ஒரு சொல்லைப் போகிறபோக்கில் போட்டு வைக்கிறேன், எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கையில் எடுத்ததும் விரித்துப் பார்த்து, அலகை மேலும் கீழும் இலேசாக அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது. தாழ்ப்பட்டை அலகின் அடிப்பாகத்தில் விளிம்பை மட்டும் தொட்டால் நழுவலாம்; முழுதும் கடந்து மறுபக்கத் தகடு வரை போயிருந்தால் தேய்வதற்கு இடமே மிச்சமில்லை. பட்டையை வெளிப்பக்கம் அளவுக்கு மீறி வளைத்துவிடாமல் தடுக்க ஒரு தடுப்பு இருப்பது நல்லது. இடக்கைக்காரர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலான பிடித்தாழ்கள் வலக்கைக்கு வெட்டப்பட்டவை.

அன்புடன்.

---

> ஐயா, விளக்கத்துக்கு நன்றி. நான் பார்த்தது குறுக்குத்தாழ். அதனால் அதே கத்தியை ஜி10 பிடியில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: நண்பர் ஒருவரின் பிடித்தாழ் கத்தியைத் திறக்கவே முடியவில்லை, அவ்வளவு இறுக்கம். அது பழுதா? அப்புறம், 'பிடி' என்றால் பெண் யானை என்றும் பொருள் உண்டே?

தம்பி, பெண் யானையைப் பையில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் குழப்பம் வராது.

இறுக்கம் பெரும்பாலும் பழுதல்ல. தாழ்ப்பட்டையில் ஒரு சிறு குண்டு பதித்திருப்பார்கள். மடங்கிய நிலையில் அது அலகில் உள்ள குழியில் அமர்ந்து அலகு தானாக விரியாமல் தடுக்கும். நீங்கள் திறக்கும்போது மற்ற விரல்கள் பட்டையை அழுத்தினால் குண்டு குழியைவிட்டு ஏறாது. விரல்களைப் பட்டையிலிருந்து விலக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். குண்டுக்கு 'குழிக்குண்டு' என்று சொல்லலாம்.

மீதமிருப்பது 'பிளிப்பர்': ஆட்காட்டி விரலால் சுண்டினால் அலகு விரியும்படி பிடியின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு பகுதி. 'சுண்டுமுனை' என்று ஒருவர் எழுதியிருந்தார். கத்திக்கு ஏற்கெனவே ஒரு முனை இருக்கிறது, இரண்டாவது வேண்டாம். பாத்திரத்துக்கும் ஊசிக்கும் காது உண்டு என்பதால் நான் 'சுண்டுகாது' பக்கம் சாய்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?